விரால் பிடிக்க உயிர் இரை! பானைக் கெண்டை சொல்லும் சேதி

விடியற்காலை ஐந்து மணி.

கோழி கூவி ஓய்ந்துவிட்டது. விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீசுவரர் கோவில் மதில் இருட்டில் கரும்பாறை போல நிற்கிறது. "திருவிரிஞ்சை மதிலழகு" என்று பெரியவர்கள் சொல்வது இந்த மதிலைத்தான்.

ஊரை ஒட்டிப் பாலாறு. கரையோரப் பாதையில் ஒரு தாத்தாவும் பேரனும் நடக்கிறார்கள். தாத்தா தோளில் மூங்கில் கோல். பேரன் கையில் வாய் அகன்ற மண் பானை. பானைக்குள் ஏதோ "சளக், சளக்" என்கிறது.

"தாத்தா, எத்தினி மீனு இருக்குது?"

"பத்துதாண்டா. அதுக்கு மேல போட்டா மூச்சு முட்டிச் செத்துப்பூடும். ஆட்டாம நட."

பானையில் இருப்பவை சின்னஞ்சிறு கெண்டைகள். குழம்புக்கு அல்ல. இன்னொரு மீனைப் பிடிப்பதற்காக!

மழை பெய்து ஏரி, குளம் நிறைந்தால், வேலூர் வட்டாரத்தில் இப்படி ஒரு தாத்தாவையும் பேரனையும் பார்க்கலாம். அவர்கள் போவது விரால் பிடிக்க. சிறு மீனுக்கு மண்புழு போதும். மாவு உருண்டை போதும். பெரிய விராலுக்கு அது போதாது. துள்ளுகிற இரை வேண்டும்.

உயிர் இரையைத் தூண்டிலில் கோப்பது ஒரு கலை. அந்தக் கலை தெரிந்தால் மீன் கிடைக்கும். மீன் மட்டுமா? தண்ணீரின் உடல்நிலையும் தெரிந்துவிடும்! அது எப்படி?

நீரில் மூழ்கிச் சாகும் மீன்

முதலில் விராலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன் தலை பாம்பின் தலை போல இருக்கும். உடம்பு உருண்டு நீண்டிருக்கும். வாய் பெரிது. பல் கூர்மை. சாதாரணமாக ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம் இருக்கும். அதற்கு மேலும் வளர்வது உண்டு.

மீன் என்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு விடும். விரால் அப்படி அல்ல. அதன் தலைக்குள், செவுளுக்கு மேலே, காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. அடிக்கடி மேலே வந்து வாயால் காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போகும். மேலே வர முடியாமல் வலையில் சிக்கிக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். மீன் நீரில் மூழ்கிச் சாகிறது! வேடிக்கையாக இல்லையா?

காற்றைக் குடிப்பதால் விராலுக்குச் சேற்றுத் தண்ணீரும் போதும். குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் பல நாள் உயிரோடு கிடக்கும். மழை நாளில் ஈரத் தரையில் ஊர்ந்து அடுத்த குட்டைக்கே போய்விடும். சந்தையில் விராலை உயிரோடு விற்பதும் இதனால்தான்.

பிள்ளை பெற்றவளுக்கும், நோயில் இளைத்தவருக்கும் விரால் குழம்பு நல்லது என்று வீடுகளில் சொல்வார்கள். அதனால் அதற்கு எப்போதும் கிராக்கி.

சங்க காலத்து விரால்

விராலுக்கும் தூண்டிலுக்கும் உள்ள பகை நேற்று வந்தது அல்ல. அகநானூற்றின் 36-ஆம் பாட்டில் ஒரு வரால் வருகிறது. விராலுக்கு அதுவே பழைய பெயர். அந்த வரால் இரும்பு முள்ளில் இருந்த இரையை விழுங்கிவிடுகிறது. ஆம்பல் இலையைக் கிழித்துக்கொண்டு பாய்கிறது. பிடிக்க வந்தவன் இழுத்தும் வர மறுக்கிறது. கயிறு கட்டிய முரட்டுக் காளை போல முரண்டு பிடிக்கிறது!

இன்றும் ஏரிக்கரையில் நடப்பது இதேதான். கயிறு மட்டும் மாறிவிட்டது. இப்போது நைலான் நரம்பு.

மேல்நாட்டிலும் இந்தக் கலை உண்டு. 1653-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஐசக் வால்டன் என்பவர் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். உயிருள்ள தவளையை முள்ளில் கோக்கும் முறை அதில் இருக்கிறது.

தவளை நம் பக்கத்திலும் விராலுக்குப் பழைய இரைதான். ஆனால் தவளையை விட்டுவிடுவதே நல்லது. வயலில் பூச்சியைத் தின்று பயிரைக் காப்பது தவளை. ஒரு காலத்தில் தவளைக் கால்கள் இந்தியாவிலிருந்து கப்பல் கப்பலாக வெளிநாடு போயின. தவளை குறைந்தது, வயலில் பூச்சி பெருகுகிறது என்ற கூக்குரல் எழுந்தது. 1987-ஆம் ஆண்டில் சர்க்கார் அந்த ஏற்றுமதிக்குத் தடை போட்டது. விராலுக்குக் கெண்டையே போதும்.

இரையைக் காப்பதே பாதி வேலை

கெண்டை பிடிப்பது சுலபம். பழைய வேட்டித் துணியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஆழமில்லாத தண்ணீரில் மெல்ல வாரினால் போதும். ஒரு கைப்பிடி தவிட்டைத் தூவினால் கூட்டமாக வரும். இரண்டு விரல், மூன்று விரல் நீளமுள்ளதே இரைக்கு ஏற்றது.

பிடித்த மீனை உயிரோடு வைத்திருப்பதுதான் கடினம். அனுபவசாலிகள் ஐந்து காரியங்களைச் சொல்வார்கள்.

ஒன்று: பாத்திரத்தின் வாய் அகலமாக இருக்க வேண்டும். காற்று தண்ணீரில் கலப்பது மேல்பரப்பின் வழியாக. குறுகிய வாய் என்றால் காற்று குறைவாகக் கலக்கும்.

இரண்டு: கூட்டம் கூடாது. பத்து மீனுக்கு உள்ள காற்று முப்பது மீனுக்குப் போதாது.

மூன்று: வெயில் கூடாது. தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் காற்று குறையும். அதனால் பானையின் மேல் ஈரத்துணி போட்டு நிழலில் வைக்க வேண்டும். மண் பானை தானாகவே தண்ணீரைக் குளிர வைக்கும்.

நான்கு: குழாய்த் தண்ணீரை ஊற்றக்கூடாது. மனிதர் குடிக்கும் தண்ணீரில் கிருமியைக் கொல்லக் குளோரின் மருந்து கலக்கிறார்கள். அது மீனின் செவுளைக் கெடுத்துவிடும். எந்த நீரில் மீனைப் பிடித்தோமோ அந்த நீரே நல்லது. அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் மாற்ற வேண்டும்.

ஐந்து: உலர்ந்த கையால் மீனைத் தொடக்கூடாது. மீனின் மேல் ஒரு வழவழப்பு இருக்கிறதே, அது அதற்குச் சட்டை மாதிரி. உலர்ந்த கை பட்டால் அந்தச் சட்டை கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டு தொட வேண்டும்.

முள்ளை எங்கே குத்துவது?

ஏரிக்கரை வந்துவிட்டது. ஆம்பல் இலைகள் மிதக்கும் ஓரம். கோரைப்புல் ஒதுங்கிய இடம். விரால் பதுங்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

தாத்தா கையை நனைத்துக்கொண்டு ஒரு கெண்டையை எடுக்கிறார்.

"பாத்துக்க. முதுகுச் செதிலுக்குக் கீழ இப்படிக் குத்தணும். தோலும் துளி சதையும்தான். உள்ள போனா எலும்புல பட்டுடும். பட்டா மீனு அப்பவே காலி."

இதுதான் நுட்பம். மீனின் முதுகெலும்பு நடு உடம்பில் ஓடுகிறது. முள் அதற்கு மேலாகப் போக வேண்டும். எலும்பில் பட்டால் இரை அசையாது. அசையாத இரையை விரால் திரும்பிப் பார்ப்பது அபூர்வம்.

நிற்கிற தண்ணீருக்கு முதுகில் குத்துவது சரி. ஓடுகிற தண்ணீருக்கு அது சரிப்படாது. முதுகில் கோத்த மீன் ஓட்டத்தில் குறுக்கே புரளும்; களைத்துச் சாகும். ஆற்றில் போடும்போது கீழ் உதட்டில் நுழைத்து மேல் உதட்டில் வெளியே வரும்படி கோக்க வேண்டும். அப்போது இரை ஓட்டத்தை எதிர்த்து முகம் காட்டி நீந்தும்.

முள்ளுக்கு ஒரு முழம் மேலே சின்ன ஈயக்குண்டு. அதற்கு மேலே தக்கை. மயிலிறகுத் தண்டை வெட்டித் தக்கையாகக் கட்டுவதும் உண்டு. இரை தரையையும் தொடக்கூடாது, பாசிக்குள்ளும் புகுந்துவிடக்கூடாது. நடுத் தண்ணீரில் உலாவ வேண்டும். தக்கையை ஏற்றியும் இறக்கியும் அதைச் சரி செய்வார்கள்.

பிறகு? காத்திருக்க வேண்டியதுதான்.

இரை சும்மா நீந்தும்போது தக்கை மெதுவாக ஆடும். திடீரென்று தக்கை படபடவென்று நடுங்கும். விரால் இன்னும் கடிக்கவில்லை. ஆனால் கெண்டை அதைப் பார்த்துவிட்டது! அதன் பதற்றம் நரம்பு வழியாக மேலே வருகிறது.

அடுத்த கணம் "டபக்"! தக்கை காணாமல் போகிறது.

"இழு தாத்தா, இழு!"

"அவசரப்படாதடா. ஒண்ணு... ரெண்டு... மூணு... இப்போ!"

விரால் இரையைக் கவ்வியதும் ஒரு திருப்பு திரும்பும். இரையின் தலையை உள்பக்கம் திருப்பிக்கொண்டு விழுங்கும். அதற்குள் இழுத்தால் முள் வெறுமனே வந்துவிடும். அதிகம் பொறுத்தால் முள் வயிற்றுக்குள் போய்விடும். சின்ன மீனாக இருந்தால் திரும்ப விட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது சாமர்த்தியம்.

கடலில் படுத்திருக்கும் எருமை நாக்கு

உதட்டில் முள் கோக்கும் முறை ஆற்றோடு நின்றுவிடவில்லை. கடலிலும் உண்டு.

பாலாறு கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறக்கிறது. ஆந்திராவைக் கடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், விரிஞ்சிபுரம், வேலூர் என்று வந்து, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் கடலோடு கலக்கிறது. மொத்தப் பிரயாணம் சுமார் 348 கிலோ மீட்டர்.

தமிழ்நாட்டுக் கடலின் மணல் தரையில் ஒரு தட்டை மீன் இருக்கிறது. பெயர் எருமை நாக்கு. பார்த்தால் எருமையின் நாக்கைப் போலவே இருக்கும். இரண்டு கண்ணும் ஒரே பக்கத்தில்!

பிறக்கும்போது அதற்கும் மற்ற மீன்களைப் போலப் பக்கத்துக்கு ஒரு கண்தான். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. பிறகு அந்த மீன் பக்கவாட்டில் படுத்துக்கொள்கிறது. மேலே மணலைப் போர்த்திக்கொள்கிறது. கண் மட்டும் வெளியே.

இந்தத் தமிழ்ப் பெயர் உலகம் முழுவதும் போயிருக்கிறது. 1801-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பெர்லின் நகரில் ஒரு மீன் நூல் வெளிவந்தது. அதில் இந்த மீனுக்கு "எருமெய்" என்றே பெயர் வைத்தார்கள். இன்றைக்கும் விஞ்ஞானிகள் வழங்குவது அந்தப் பெயரைத்தான்.

அமெரிக்கக் கடற்கரையில் இதன் உறவுக்கார மீன்கள் ஏராளம். அவற்றைப் பிடிப்பவர்கள் விரல் நீளச் சிறு மீனை உதட்டில் கோக்கிறார்கள். ஈயக்குண்டு தரையில் கிடக்கும். அதற்கு அப்பால் ஒரு முழ நரம்பில் இரை தரையை ஒட்டி நீந்தும். கோலை மெல்ல இழுத்து இரையை மணல் மேல் நகர்த்துவார்கள். மணலுக்குள் படுத்திருக்கும் மீன் சட்டென்று எழுந்து கவ்வும். அங்கேயும் உடனே இழுப்பதில்லை. கொஞ்சம் பொறுத்துத்தான் இழுக்கிறார்கள்.

ஏரி விராலும், கடல் தட்டை மீனும் சொல்வது ஒன்றே: இரை உயிரோடு இருந்தால்தான் எல்லாம்.

இரை செத்துப்போனால்?

பானையில் கெண்டை செத்து மிதக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விவரம் தெரிந்தவர் உடனே தூக்கிப் போட்டுவிட மாட்டார். காரணம் தேடுவார்.

கூட்டம் அதிகமா? இல்லை. பத்துதான்.

வெயில் பட்டதா? இல்லை. நிழலில்தான் இருந்தது.

குழாய்த் தண்ணீர் ஊற்றினோமா? இல்லை.

கை பட்டுத் தோல் உரிந்ததா? அதுவும் இல்லை.

அப்படியானால் மீதி இருப்பது ஒன்றுதான். தண்ணீர்!

இங்கேதான் விராலும் கெண்டையும் வேறுபடுகின்றன. விராலுக்குத் தண்ணீர் கெட்டாலும் மேலே வந்து காற்றைக் குடிக்க வழி இருக்கிறது. கெண்டைக்கு அந்த வழி இல்லை. தண்ணீரில் கரைந்த காற்றுத்தான் அதற்கு மூச்சு. அந்தக் காற்று குறைந்தாலும், விஷம் கலந்தாலும், முதலில் துடிப்பது அதுதான்.

பெரிய மீன் தாங்கிக்கொள்கிறது. சிறிய மீன் சொல்லிவிடுகிறது!

முன்பு மேல்நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களில் ஒரு சின்னப் பறவையைக் கூண்டில் எடுத்துப் போவார்கள். விஷ வாயு வந்தால் முதலில் பறவை மயங்கி விழும். உடனே தொழிலாளிகள் வெளியே ஓடி வந்துவிடுவார்கள். பானைக் கெண்டையும் அப்படிப்பட்ட காவல்காரன்தான்.

பாலாற்றுக்கு என்ன வந்தது?

விரிஞ்சிபுரத்தில் தண்ணீருக்குத் தனி மதிப்பு உண்டு. கோவிலில் இருக்கிறது சிம்ம தீர்த்தம். கார்த்திகை மாதக் கடைசி ஞாயிறு அன்று, பிள்ளை வரம் கேட்டுப் பெண்கள் அங்கே வந்து நீராடுகிறார்கள். "கடை ஞாயிறு" என்றே அந்த விழாவுக்குப் பெயர்.

அப்படிப்பட்ட ஊரை ஒட்டி ஓடும் ஆற்றின் கதை சோகமானது.

பாலாறு மணல் ஆறு. ஆண்டில் பல மாதம் மேலே தண்ணீர் தெரியாது. மணலைத் தோண்டினால் ஊற்று. அந்த ஊற்றை நம்பித்தான் கரையோர ஊர்களும் கிணறுகளும் வாழ்ந்தன.

விரிஞ்சிபுரத்துக்கு மேற்கே, ஆறு வரும் வழியில், வாணியம்பாடியும் ஆம்பூரும் இருக்கின்றன. கிழக்கே இராணிப்பேட்டை. எல்லாம் தோல் பதனிடும் ஊர்கள்.

பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். பிறகு தண்ணீரில் ஊற வைத்து அந்த உப்பைக் கழுவ வேண்டும். ரோமம் போகச் சுண்ணாம்பில் போட வேண்டும். அதன் பிறகே பதனிடும் வேலை. முற்காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போதுமாக இருந்தன. பிற்காலத்தில் குரோமியம் உப்பு வந்தது. வேலை சீக்கிரம் முடிந்தது. ஒரு கிலோ தோலுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். அத்தனை தண்ணீரும் உப்பும் சுண்ணாம்பும் இரசாயனமும் சுமந்துகொண்டு வெளியே வரும்.

பல ஆண்டுக் காலம் அந்தக் கழிவு நிலத்திலும் ஓடையிலும் ஆற்றிலும் விடப்பட்டது. கிணற்று நீர் உப்புக் கரித்தது. தென்னை காய்ந்தது. வயல் வெளுத்தது.

வேலூர்க் குடிமக்களின் நல அமைப்பு ஒன்று 1991-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1996 ஆகஸ்டு 28-ந் தேதி தீர்ப்பு வந்தது. நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் அமைந்த பெஞ்சு வழங்கிய தீர்ப்பு அது.

வேளாண்மைப் பல்கலைக் கழக ஆய்வு மையம் எடுத்த கணக்கை அந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டுகிறது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பயிருக்கு உதவாமல் போயிற்று!

"அசுத்தம் செய்தவரே அதற்கான செலவைக் கொடுக்க வேண்டும்" என்ற கொள்கை இந்நாட்டுச் சட்டத்தின் ஓர் அங்கம் என்று கோர்ட்டு சொன்னது. ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. கழிவைச் சுத்திகரிக்காத ஆலை நடக்கக் கூடாது என்று கட்டளை போட்டது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கவும் வழி செய்தது.

அத்தோடு முடியவில்லை. 2025 ஜனவரி 30-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டி வந்தது. நஷ்டஈடு போய்ச் சேர வேண்டும். ஆற்றைச் சீராக்க வேண்டும். மேற்பார்க்க ஒரு குழு வேண்டும் என்று உத்தரவிட்டது. இரண்டு தீர்ப்புக்கும் நடுவே ஏறத்தாழ 28 ஆண்டுகள். ஒரு பேரன் பிறந்து வளர்ந்து தகப்பனாகிவிடும் காலம்!

சட்டத்திலும் ஒரு மீன்

ஆலைக் கழிவைச் சுத்திகரித்துவிட்டோம் என்று ஒருவர் சொன்னால் எப்படி நம்புவது?

1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. உப்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என்ற கணக்குகளோடு அதுவும் ஒன்று. சுத்திகரித்த நீரில் மீன்களை விட வேண்டும். வேறு நல்ல தண்ணீர் கலக்கக் கூடாது. 96 மணி நேரம், அதாவது நான்கு நாள், காத்திருக்க வேண்டும். நூற்றுக்குத் தொண்ணூறு மீன் உயிரோடு இருக்க வேண்டும்!

தாத்தாவின் பானையும் சட்டத்தின் தொட்டியும் ஒன்றுதான். இரண்டிலும் சாட்சி சொல்வது ஒரு சின்ன மீன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மீன் நீந்துகிறது என்பதால் அந்தத் தண்ணீரை மனிதர் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. கிருமி இருக்கலாம், உப்பு இருக்கலாம், மெல்லக் கொல்லும் நஞ்சும் இருக்கலாம். பரிசோதனைச் சாலையில் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. கழிவு ஓடை சேரும் இடத்தில் பிடித்த விராலைக் குழந்தைகளுக்குச் சமைத்துக் கொடுக்கக்கூடாது. விரால் கெட்ட தண்ணீரையும் தாங்கும் என்று முன்பே பார்த்தோம். அது உயிரோடு துள்ளுவதால் அதன் சதை சுத்தம் என்று ஆகாது.

ஓடையில் நுரை தள்ளினாலோ, நிறம் மாறினாலோ, சிறு மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தாலோ, தேதியும் இடமும் குறித்துத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் கலெக்டருக்கும் மனு எழுதலாம். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்ட கைக்கு இதைவிட நல்ல வேலை வேறென்ன?

தோலும் வேண்டும்; ஆறும் வேண்டும்

தோல் தொழில் ஒழிந்துபோக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆம்பூர்ச் செருப்பும் வாணியம்பாடித் தோலும் எத்தனையோ அடுப்புகளை எரிய வைக்கின்றன. ஷூ கம்பெனிகளுக்குக் காலையில் பஸ் ஏறிப் போகும் பெண்களைக் கேட்டால் தெரியும். பிள்ளையின் படிப்பும், வீட்டு வாடகையும் அந்தச் சம்பளத்தில்தான்.

ஆனால் அதே வீட்டுக்குக் குடிதண்ணீரும் வேண்டுமே! ஒரு கையால் கொடுத்து மறு கையால் எடுத்துக்கொள்ளலாமா? அதனால்தான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை பகலிலும் இரவிலும், மழையிலும் வெயிலிலும் ஒழுங்காக நடக்க வேண்டும். கழிவைக் கொண்டு போய் வெள்ளத்தோடு வெள்ளமாக விட்டுவிடும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது.

பாலாறு செத்துவிட்டது என்று பலர் கைகழுவினார்கள். 2021 நவம்பரில் மழை கொட்டியது. வறண்டு கிடந்த பாலாறு கரை கொள்ளாமல் ஓடியது! ஏரிகள் நிறைந்தன. ஆறு மறந்துவிடவில்லை, மனிதர்தாம் மறந்திருந்தார்கள்.

குஞ்சோடு இருக்கும் விரால்

மீன் பிடிப்பவருக்கும் தர்மம் உண்டு.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்தவர் இருந்தால் அவரைக் கேட்டுக்கொண்டே தூண்டில் போட வேண்டும்.

மழைக்காலத்தில் விரால் முட்டையிடும். செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திரியும். பெற்ற மீன் கீழே காவல் காக்கும். கிட்டே போனால் எதிர்த்துப் பாயும். அப்போது இரையைப் போட்டால் பசிக்கு அல்ல, பிள்ளைக்காகக் கடிக்கும். அந்த மீனைப் பிடித்துவிட்டால் குஞ்சுகள் அனாதை. அடுத்த ஆண்டு ஏரியில் விரால் ஏது?

மீந்துபோன இரை மீனை வேறு ஏரியில் கொட்டக்கூடாது. எந்த ஏரியில் பிடித்ததோ அதே ஏரியில்தான் விட வேண்டும். வெளி மீன் புகுந்தால் உள்ளூர் மீன் அழியும். 1952-ஆம் ஆண்டில் இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் ஜிலேபி. உணவுக்கென்றுதான் கொண்டுவந்தார்கள். இன்று ஊருக்கு ஊர் ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது!

வெயில் ஏறிவிட்டது. தாத்தா நரம்பைச் சுற்றுகிறார். கூடையில் ஒன்றரை முழ விரால் ஒன்று. பானையில் மீதி ஆறு கெண்டைகள்.

"தாத்தா, இதுங்களை இன்னா பண்றது? வீட்டுக்கு எடுத்துக்கினு போலாமா?"

"வேணாம்டா கண்ணு. எடுத்த எடத்துலயே வுட்டுடு."

பேரன் பானையைத் தண்ணீருக்குள் சாய்க்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று... ஆறும் உயிரோடு பாய்கின்றன.

தாத்தா குனிந்து கடைசி மீன் மறையும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு நிமிர்கிறார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்குது. அடுத்த வாரமும் வரலாம்டா!"